சீபேப் மெஷினில் எதை, எப்போது மாற்றுவது?

அப்பாவின் குறட்டை திரும்பி வந்தது ஒரு தை மாதத்தில். அதற்கு முந்தைய ஒரு வருடத்துக்கும் மேல் எங்கள் வீட்டில் இரவு என்றால் அப்பா மாஸ்க் போட்டுக்கொண்டு தூங்குகிற சீபேப் மெஷினின், அதாவது தூக்கத்தில் மூச்சு நின்றுவிடாமல் காற்றைத் தள்ளுகிற கருவியின், மெல்லிய சத்தம் மட்டும்தான். அம்மா அதைக் கேட்டுக்கொண்டே தூங்கப் பழகியிருந்தார். திடீரென்று ஒரு நாள் பழைய சத்தம். மறுநாளும் அதே. காலையில் அப்பாவின் கண்கள் சிவந்து எரிந்தன, மூக்குத் தண்டில் மாஸ்க் அழுத்திய தழும்பு. பகலில் பேப்பரைக் கையில் பிடித்தபடியே தூங்கி விழுந்தார். "மெஷின் போச்சு போல" என்றார் அம்மா.

விடியற்காலை பஸ்ஸில் ஹட்டனில் இருந்து கொழும்புக்குப் புறப்பட்டோம். கினிகத்தேனை, கித்துள்கலை வளைவுகள் முழுக்க அப்பா அந்தப் பெட்டியைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே வந்தார். திருத்துகிற தம்பி மெஷினைப் போட்டுப் பார்த்து, அழுத்தத்தை அளந்துவிட்டு, "மெஷின் நல்லா இருக்கு ஐயா" என்றார். அப்புறம் மாஸ்க்கை எடுத்து, முகத்தில் படுகிற ரப்பரை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். கண்ணாடி போல் இருக்க வேண்டியது மங்கி மஞ்சளாகக் கிடந்தது. விளிம்பு வதங்கிய வெற்றிலை மாதிரி தொங்கியது. "இத எப்ப மாத்தினீங்க?"

வாங்கியதில் இருந்து மாற்றவே இல்லை. பதினான்கு மாதம். "மாத்தணும்னு யாரும் சொல்லலையே தம்பி" என்றார் அப்பா. உண்மைதான். விற்றவர்கள் போடும் விதத்தைக் காட்டினார்கள், கழற்றும் விதத்தைக் காட்டினார்கள். தேய்மானத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பயணத்தில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்த மெஷின் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு அந்தத் தளர்ச்சியில் மூச்சுப் பாதையே மூடிக்கொள்ளும். மூச்சு பத்து விநாடியோ அதற்கு மேலோ நின்றால் அதை ஒரு தடங்கல் என்று எண்ணுவார்கள். மூச்சு முழுதாக நிற்காமல் நன்றாகக் குறைவதையும் கணக்கில் சேர்ப்பார்கள். மணிக்கு 5 முதல் 15 வரை என்றால் இலேசு, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30ஐத் தாண்டினால் கடுமை. சிட்னியில் கொலின் சலிவன் என்ற வைத்தியர் 1980இல் இதற்கு ஒரு வழி கண்டார். மூக்கு வழியாகக் காற்றைத் தொடர்ந்து மெதுவாகத் தள்ளிக்கொண்டே இருந்தால் தொண்டை மூடாது. நனைந்த துணிப்பைக்குள் ஊதினால் பை விரிந்து நிற்கிறதே, அப்படித்தான். மெஷின் ஒட்சிசன் கொடுப்பதில்லை, நமக்காக மூச்சு விடுவதும் இல்லை. அறைக் காற்றையே எடுத்து, டொக்டர் குறித்துக் கொடுத்த அழுத்தத்தில் தள்ளுகிறது. வழக்கமாக அது, இந்த அழுத்தத்தை அளக்கிற அலகில் சொன்னால், 4 முதல் 20 சென்டிமீட்டர் தண்ணீர் அழுத்தத்துக்குள் இருக்கும்.

அந்த அழுத்தம் தொண்டை வரை போய்ச் சேர வேண்டுமானால் வழியில் எங்கேயும் ஒழுகக் கூடாது. குக்கரில் விசில் வராவிட்டால் குக்கரையா தூக்கி எறிகிறோம்? வாசரை மாற்றுகிறோம். இங்கேயும் அதே கதை. பெட்டி பல வருடம் உழைக்கும். அதைச் சுற்றியுள்ள ரப்பர், பட்டி, குழாய், ஃபில்டர், காற்றை ஈரமாக்குகிற தண்ணீர்த் தொட்டி ஆகியவைதான் ஒவ்வொன்றாகத் தேயும். ஒவ்வொன்றும் வேறு வேறு காரணத்தால், வேறு வேறு வேகத்தில்.

இணையத்தில் தேடினால் ஓர் அட்டவணை கிடைக்கும். மூக்கு மாஸ்க்கின் ரப்பர் மாதத்துக்கு 2, வாயையும் சேர்த்து மூடுகிற மாஸ்க்கின் ரப்பர் மாதத்துக்கு 1, குழாய் 3 மாதத்துக்கு 1, தலைப்பட்டி 6 மாதத்துக்கு 1, தண்ணீர்த் தொட்டி 6 மாதத்துக்கு 1, வெள்ளை ஃபில்டர் மாதத்துக்கு 2, மெஷின் 5 வருடம். இது அமெரிக்காவில் முதியவர்களுக்கான அரசுக் காப்புறுதியான மெடிகேர் எவ்வளவுக்குப் பணம் கொடுக்கும் என்பதற்கான உச்ச அளவு. அந்த நாளில் ரப்பர் செத்துவிடும் என்று அதற்குப் பொருள் இல்லை. அங்கே காப்புறுதி கட்டுகிறது, இங்கே நம் சட்டைப் பையில் இருந்து போகிறது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இறக்குமதிச் சாமான் விலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆகவே அட்டவணையை ஒரு ஞாபகக் குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முடிவைச் சொல்ல வேண்டியது உங்கள் கண்ணும் காதும் கன்னமும். அதற்காக எங்கள் அப்பா மாதிரி பதினான்கு மாதம் இழுக்கச் சொல்லவில்லை.

முகத்தில் படுகிற ரப்பரில் இருந்து தொடங்குகிறேன். அதுதான் முதலில் போகிறது, அதுதான் அதிகம் தொல்லை தருகிறது. அது உண்மையில் சிலிக்கோன். அதன் எதிரி எண்ணெய். நம் தோலில் ஊறுகிற எண்ணெயைச் சிலிக்கோன் மெல்ல மெல்லக் குடித்து ஊறி, பிசுபிசுத்து, தன் துள்ளலை இழக்கிறது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும். மலைக் குளிரில் முகம் வெடிக்கிறது என்று தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுப்போம், உதட்டுக்கு வாசலின் பூசுவோம். அப்பா இரண்டையும் செய்துகொண்டிருந்தார். படுக்கப் போகுமுன் முகத்தைக் கழுவித் துடைத்தாலே ரப்பருக்கு ஆயுள் கூடும். கிறீம் பூச வேண்டுமானால் காலையில் பூசிக்கொள்ளலாம்.

ரப்பர் போய்விட்டதா என்று பார்க்க: காலையில் கழற்றியதும் ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த பிறகு வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் மட்டும் என்றால் அவசரப்பட வேண்டாம், நிறம் மாறுவது சாதாரணம். விளிம்பை விரலால் அழுத்தி விடுங்கள். நல்ல ரப்பர் உடனே எழும்பும். போனது சோம்பேறித்தனமாக எழும்பும், அல்லது மடிந்தே கிடக்கும். கழுவிய பிறகும் கையில் ஒட்டுகிறதா? கீறலோ வெடிப்போ தெரிகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் புதிது வாங்குங்கள்.

இன்னொரு சாட்சி உங்கள் கன்னம். ரப்பர் தளரும்போது காற்று ஒழுகும். ஒழுகுவதை நிறுத்த நாம் பட்டியை இறுக்குவோம். இறுக்கினால் அன்றைக்குச் சரியாகும். ஒரு வாரத்தில் மறுபடி ஒழுகும், மறுபடி இறுக்குவோம். கடைசியில் மூக்குத் தண்டு புண்ணாகிவிடும். மேல்பக்கமாக ஒழுகுகிற காற்று இரவு முழுக்கக் கண்ணில் அடிக்கும். அப்பாவின் கண் எரிச்சலுக்கு அம்மா நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பட்டி எவ்வளவு இறுகியிருக்கிறது என்று நினைவில் இருக்காது. அதற்கு ஒரு வழி உண்டு. மாஸ்க் புதிதாக இருக்கும்போதே பட்டியில் வெல்க்ரோ ஒட்டு விழுகிற இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். மூன்று மாதம் கழித்து ஒட்டு அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு விரல் அளவு உள்ளே போயிருந்தால், ஒன்று ரப்பர் தளர்ந்திருக்கிறது, அல்லது பட்டி நீண்டுவிட்டது. புது ரப்பரைப் போட்டதும் ஒட்டு பழைய கோட்டுக்கே திரும்பினால் குற்றவாளி ரப்பர். திரும்பாவிட்டால் பட்டி. அநேகமாகப் பட்டி ரப்பரைவிட நெடுநாள் தாக்குப்பிடிக்கும். ஒட்டு பிடிக்காமல் தானாகக் கழன்று வந்தால் அதன் காலம் முடிந்தது.

ஒழுகலைச் சோதிக்கும்போது உட்கார்ந்தபடி பார்க்காதீர்கள். படுத்தால் கன்னச் சதை சரியும், மாஸ்க் உட்காரும் விதமே மாறும். மெஷின் முழு அழுத்தத்துக்கு வந்த பிறகு, படுத்தபடி, விரலை நாக்கில் நனைத்து விளிம்பைச் சுற்றிக் கொண்டு போனால் எங்கே குளிர்கிறது என்று தெரியும்.

ஆனால் கவனம். மாஸ்க்கின் முன்பக்கம் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும், அவற்றில் காற்று எப்போதும் வரும், வர வேண்டும். நாம் விட்ட மூச்சு அந்த வழியாகத்தான் வெளியே போகிறது. மெஷின் வந்த புதிதில் அப்பா "இதுல ஓட்டை புள்ள" என்று சொல்லி பிளாஸ்டர் ஒட்டப் பார்த்தார். நல்லவேளை, அம்மா கத்தரிக்கோலைக் கொடுக்கவில்லை. அந்தத் துளைகளை ஒருபோதும் அடைக்கக் கூடாது, விட்ட மூச்சையே திரும்ப இழுக்க நேரும். கழுவும்போது அவற்றில் அழுக்கு அடைத்திருந்தால் மெதுவாக எடுத்துவிடுங்கள்.

கழுவுவது பற்றி: வெதுவெதுப்பான தண்ணீர், குழந்தைச் சவர்க்காரம், போதும். டெட்டோல், ஸ்பிரிட், பிளீச் எல்லாம் சிலிக்கோனைக் கெடுக்கும். வெயிலிலும் காய வைக்கக் கூடாது, அடுப்புக்கு மேல் கொடியிலும் கூடாது. வைகாசியில் தென்மேற்கு மழை பிடித்தால் எங்கள் பக்கம் புரட்டாசி வரை சட்டையே காயாது, அது வேறு விஷயம். மாஸ்க்கைத் துணியால் ஒற்றியெடுத்து, காற்றோட்டமான மூலையில் தொங்கவிட்டால் இரவுக்குள் காய்ந்துவிடும். பட்டியை வாரத்துக்கு ஒரு தரம் கையால் கசக்கிப் போடலாம். அது காய்வதற்கு மட்டும் மழை இல்லாத நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழாய்க்கு வருவோம். வழக்கமான குழாய் 1.8 மீட்டர் நீளம். அது நடுவில் போவது அரிது. இரு நுனிகளிலும், முக்கியமாக மாஸ்க்கோடு சேர்கிற இடத்தில், இரவெல்லாம் புரண்டு புரண்டு மடிகிற இடத்தில்தான் வெடிக்கும். மெஷினைப் போட்டு, மறுநுனியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, குழாயைக் காதருகே நகர்த்திப் பாருங்கள். "ஸ்ஸ்" என்று கேட்டால் அந்த இடம்தான். பிளாஸ்டர் சுற்றினால் இரண்டு இரவு தாங்கும், அதை நம்பி இருக்க வேண்டாம். உள்ளே கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை தெரிந்தாலும், எவ்வளவு கழுவினாலும் நாற்றம் போகாவிட்டாலும் மாற்ற வேண்டியதுதான்.

இங்கே மலைநாட்டுக்காரர்களை ஏமாற்றுகிற ஒன்று இருக்கிறது. நடுச்சாமத்தில் குழாய்க்குள் கொளகொளவென்று சத்தம், முகத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். குழாய் கெட்டுவிட்டது, தொட்டி உடைந்துவிட்டது என்று பதறுவோம். இரண்டும் இல்லை. மெஷினில் இருந்து சூடான ஈரக்காற்று வருகிறது, அறை குளிர்ந்து கிடக்கிறது. தை, மாசியில் நுவரெலியாவில் புல் மேலேயே உறைபனி பிடிக்கிறதே. குளிர்ந்த குழாயின் உட்சுவரில் ஈரம் பட்டு நீராகிறது, சோற்றுப்பானை மூடியில் வேர்ப்பது போல. கொழும்பில் இருக்கிறவருக்கு இது என்னவென்றே தெரியாமல் இருக்கலாம். அம்மா பழைய கம்பளிச் சுவெட்டரின் இரண்டு கைகளை வெட்டி, நீளமாகத் தைத்து, குழாய்க்கு உறை போட்டார். மெஷினைக் கட்டிலைவிடத் தாழ்வான ஸ்டூலில் வைத்தோம், தண்ணீர் வடிந்தாலும் முகத்துக்கு வராமல் திரும்பிப் போகட்டும் என்று. ஈரப்பத அளவையும் ஒரு படி குறைத்தோம். சொட்டுவது நின்றது, ஐந்து சதம் செலவில்லை. இதிலும் அடங்காவிட்டால் சூடேறுகிற குழாய் விற்கிறார்கள். ஆனால் உங்கள் மெஷின் அதை ஏற்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஃபில்டர்தான் எல்லாவற்றிலும் மலிவு, எல்லாரும் மறப்பதும் அதைத்தான். மெஷினின் பின்புறத்திலோ பக்கவாட்டிலோ சின்ன மூடி இருக்கும், திறந்தால் விரல் நீளத்துக்கு வெள்ளைத் துண்டு. அதைக் கழுவக் கூடாது, கழுவினால் இழை பிரிந்துவிடும். சில மெஷின்களில் கறுப்பு ஸ்பொஞ்ச் ஒன்றும் இருக்கும். அதை மட்டும் வாரா வாரம் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு போடலாம். வெள்ளைத் துண்டு சாம்பல் நிறமானால் மாற்றுங்கள். எப்போது சாம்பலாகும் என்பது உங்கள் வீட்டைப் பொறுத்தது. விறகடுப்புப் புகை படுக்கையறைக்குள் வருகிற லயத்து வீட்டில், நுளம்புச் சுருளும் சாம்பிராணியும் போடுகிற வீட்டில், மரக்கறித் தோட்டத்துக்கு மருந்தடிக்கிற பக்கத்தில் இரண்டு வாரம் தாங்கினால் பெரிது. எங்கள் வீட்டில் காஸ் அடுப்பு, ஒரு மாதம் போகிறது. தேதி ஞாபகம் வைத்துக்கொள்ள நாங்கள் கண்ட வழி போயா தினம். மாதா மாதம் தவறாமல் வரும், லீவு வேறு, காலண்டரிலும் சிவப்பாக இருக்கும். புகை அதிகமான வீட்டுக்காரர்கள் அமாவாசையையும் சேர்த்துக்கொள்ளலாம். ஃபில்டர் தீர்ந்துவிட்டது என்று வெறுமனே மட்டும் ஓட்டாதீர்கள், தூசி நேரே மோட்டாருக்கும் நுரையீரலுக்கும் போகும்.

தண்ணீர்த் தொட்டி நீடித்து உழைக்கும், நாம் ஊற்றுகிற தண்ணீர் சரியாக இருந்தால். பீலித் தண்ணீர் குடிக்க எவ்வளவு ருசியோ, தொட்டிக்கு அவ்வளவு ஆகாது. தண்ணீர் ஆவியாகும்போது அதிலுள்ள உப்பு அடியில் தங்கிவிடும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. பாமசியில் கிடைக்கிற வடித்த நீர்தான் இதற்குரியது. கார் பெட்டரிக்கு ஊற்றுவதை வாங்கி விடாதீர்கள், அந்தப் போத்தல்களில் சிலவற்றில் இருப்பது தண்ணீரே அல்ல, அமிலம். தினமும் காலையில் மிச்சத்தைக் கொட்டிக் கழுவிக் காய வையுங்கள். வெள்ளையாகப் படிந்தால் ஒரு பங்கு வெள்ளை வினாகிரிக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து ஊற வைத்துத் தேயுங்கள். அப்படியும் போகாத படிவு, பிளாஸ்டிக்கில் மயிரிழை வெடிப்பு, ஓரத்து ரப்பர் தளர்ச்சி, இளஞ்சிவப்பாக வழுவழுப்பு திரும்பத் திரும்ப வருவது என்றால் தொட்டியை மாற்றுங்கள். பயணம் போகும்போது தொட்டியைக் காலி செய்யாமல் மெஷினைத் தூக்கினால் தண்ணீர் மோட்டாருக்குள் போகும், அதற்குப் பிறகு இந்தக் கட்டுரையால் பயனில்லை.

மெஷினைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரவுக்கு 8 மணி நேரம் என்றால் வருடத்துக்கு 2,920 மணி நேரம் ஓடுகிறது. 5 வருடம் தாண்டிய பிறகு வருடத்துக்கொரு முறை அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். புதிதாக ஓர் இரைச்சல், கருகல் வாசனை, குழாயில் கறுப்புத் துகள் என்றால் அன்றே நிறுத்திவிட்டு டொக்டரைக் கேளுங்கள். 2021 ஜூனில் பிலிப்ஸ் கொம்பனி தன் மெஷின்களில் பலவற்றை உலகம் முழுக்கத் திரும்ப அழைத்ததற்குக் காரணம், சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்த நுரைப்பஞ்சு உதிர்ந்தது. ஓசோன் விட்டுச் சுத்தம் செய்கிற கருவிகள் அந்தப் பஞ்சை இன்னும் சீக்கிரம் கெடுக்கும் என்றும் அப்போது சொன்னார்கள். பழைய மெஷின் வாங்குகிறவர்கள் மொடல் நம்பரை அப்படித் திரும்ப அழைத்த மெஷின்களின் பட்டியலோடு ஒப்பிட்டுவிட்டு, ரப்பர், குழாய், ஃபில்டர், தொட்டி நான்கையும் புதிதாகப் போட்டே பாவிக்க வேண்டும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், காற்று மெல்லியது. புது மெஷின்களில் பெரும்பாலானவை உயரத்துக்கேற்பத் தாமே சரிசெய்துகொள்ளும், பழைய சிலவற்றில் கையால் அமைக்க வேண்டியிருக்கும். அதையும் கேட்டுவையுங்கள்.

காலையில் திரையில் தெரிகிற எண்களையும் பாருங்கள். மணிக்கு எத்தனை தடங்கல் என்பது 5க்குக் கீழே இருந்தால் நல்லது. ரெஸ்மெட் மெஷின்களில் கசிவு நிமிடத்துக்கு 24 லிட்டரைத் தாண்டினால் அதிகம் என்று எடுத்துக்கொள்வார்கள். மற்ற கொம்பனிகள் வேறு விதமாகக் கணக்கிடும், ஆகவே இரண்டு மெஷின்களின் எண்ணை ஒப்பிட்டுப் பயனில்லை. ஒரே மெஷினில் இரண்டு வாரமாக எண் ஏறிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். ஏறினால் ரப்பரில் தொடங்கிக் குழாயின் நுனி வரை தேடுங்கள். எல்லாம் புதிதாக இருந்தும் ஏறினால் சாமான் மேல் குற்றமில்லை. உடம்பு மெலிந்திருக்கலாம், பருத்திருக்கலாம், பல்செட்டைக் கழற்றிவிட்டுப் படுக்கத் தொடங்கியிருக்கலாம், தாடி வளர்த்திருக்கலாம். பல்செட்டோடு அளவெடுத்த மாஸ்க், பல்செட் இல்லாத வாய்க்குப் பொருந்தாது. அப்போது கடைக்குப் போகாமல் கிளினிக்குக்குப் போங்கள்.

வாங்கும்போது ஒன்று. சாதாரணக் குழாயின் நுனிகள் 22 மில்லிமீட்டர், அநேகமாக எந்தக் கொம்பனிக் குழாயும் பொருந்திவிடும். ரப்பரும் ஃபில்டரும் தொட்டியும் அப்படி இல்லை, அந்தந்த மொடலுக்கு மட்டும்தான். மாஸ்க்கின் பெயர், ரப்பரின் ஓரத்தில் பொறித்திருக்கிற அளவு எழுத்து, மெஷினின் அடியிலுள்ள லேபல் மூன்றையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டுபாயில் இருக்கிற மச்சானிடம் சொல்லி எடுப்பித்தாலும், கொழும்பில் இருந்து பஸ்ஸில் போட்டுவிடச் சொன்னாலும் அந்தப் படத்தை அனுப்புங்கள். நாங்கள் இரண்டாவது முறை போனில் "மாஸ்க் ரப்பர் ஒன்னு" என்று மட்டும் சொல்லி எடுப்பித்தோம். வந்தது பெரிய சைஸ். அப்பா அதைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கழற்றி வைத்தார். இன்னும் அலுமாரியில்தான் கிடக்கிறது.